நாளைப் போவேன் என்ற அடியாரும், நாளை நாளை என்கின்ற நாமும்



திருவிழாக் காலம் வந்துவிட்டால் நம் ஒவ்வொருவர் நெஞ்சிலும் ஒரு வேண்டுதல் எழுகின்றது. பிள்ளை பரீட்சையில் சித்தியடைய வேண்டும். மகளுக்கு நல்ல இடம் அமைய வேண்டும். பட்ட கடன் தீர வேண்டும். ஒரு துண்டுக் காணியிலாவது சொந்தமாக வீடு கட்ட வேண்டும். அர்ச்சனைத் தட்டை ஐயரின் கையில் கொடுக்கும்போது பெயரையும் நட்சத்திரத்தையும் வாயால் சொல்கிறோம். வேண்டுதலை மனத்தால் சொல்கிறோம்.

ஆனால் வாசலைத் தாண்டி வெளியே வந்த பின், "சரி, இந்த வேண்டுதல் நிறைவேற உங்கள் பங்குக்கு என்ன செய்யப் போகின்றீர்கள்?" என்று யாராவது கேட்டால், நம்மிடம் பதில் தயாராக இருக்கின்றது. "நேரமில்லை", "காசில்லை", "உடம்புக்கு முடியவில்லை", "எங்களுக்கு யார் இருக்கிறார்கள்?", "எல்லாம் தலைவிதி". கருவறையின் முன் நின்று வரம் கேட்ட அதே வாய், கோபுர வாசலில் நின்று அந்த வரத்தை வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்து விடுகின்றது. இதனை நாம் உணர்வதேயில்லை.

இந்தப் பதில்களைத்தான் நமது பெரியவர்கள் சாக்குப்போக்கு என்றார்கள். நமது சமயப் பெரியார்கள் இவற்றை எவ்வாறு வென்றார்கள் என்பதை அடியேனுக்கு எட்டிய அளவில் சிந்திப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

காரணம் வேறு, சாக்கு வேறு

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். துன்பப்பட்டவன் சொல்வதெல்லாம் சாக்கு அல்ல. நமது மலையகத்து முன்னோரை எண்ணிப் பாருங்கள். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே நடந்து, கோப்பித் தோட்டங்களுக்கு வந்து சேர்ந்தவர்கள் அவர்கள். நடந்த வழியிலேயே நோயாலும் பசியாலும் மாண்டவர்கள் பலர். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களுடைய பிள்ளைகளை நாடற்றவர்களாக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் குடும்பங்களைக் கடலின் இரு கரைகளிலும் பிரித்துப் போட்டது. நாட்டிலே 1945ஆம் ஆண்டில் இலவசக் கல்வி வந்தபோதும், தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்பதற்கு 1970கள் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. எஞ்சியிருந்தோரின் பிரஜாவுரிமைக்கு வழி திறந்த சட்டம் 2003ஆம் ஆண்டில்தான் வந்தது.

இவை உண்மையான தடைகள். இவற்றைச் சாக்கு என்று சொல்வது பாவம். இன்றும் சம்பளம் போதாத வீடும், மழைக்கு ஒழுகும் லயமும், தூரத்துப் பாடசாலையும் உண்மையான தடைகளே.

அப்படியானால் காரணத்தையும் சாக்கையும் எப்படிப் பிரித்து அறிவது? அடியேன் அறிந்த உரைகல் ஒன்று உண்டு. உண்மையான தடையைச் சொல்பவர், சொல்லி முடித்ததும், "இனி என்ன செய்யலாம்?" என்று கேட்பார். சாக்குச் சொல்பவர் அத்துடன் பேச்சை முடித்துக்கொள்வார். இருவரும் ஒரே வார்த்தைகளைத்தான் சொல்கிறார்கள். "காசில்லை" என்பது ஒருவருக்குக் கணக்கின் ஆரம்பம். மற்றவருக்கு அதுவே கணக்கின் முடிவு.

"நேரமில்லை" என்பவருக்கு

சேக்கிழார் பெருமான் 12ஆம் நூற்றாண்டில் பாடிய பெரியபுராணத்தில் ஓர் அடியாருக்குத் திருநாளைப்போவார் என்று பெயர். நாம் நந்தனார் என்று அழைக்கும் அந்தப் பெருமானேதான். தில்லைக்குச் சென்று ஆடும் பெருமானைக் காண வேண்டும் என்ற ஆசை அவரைத் தூங்கவிடவில்லை. ஆனால் ஒவ்வொரு நாளும் "நாளைப் போவேன்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். அதுவே அவருக்குப் பெயராயிற்று.

அவர் ஏன் நாளை என்றார்? சோம்பலாலா? இல்லை. ஆதனூரில் தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட குலத்தில் பிறந்தவர் அவர். கோயில்களின் பேரிகைக்குத் தோலும் வாரும், யாழுக்கும் வீணைக்கும் நரம்பும் கொடுத்துத் தொண்டு செய்தார். ஆயினும் அந்தக் கோயில்களின் உள்ளே செல்ல அவருக்கு அனுமதியில்லை. "போவேன்" என்று ஆசை எழும், "என் பிறப்பு இடம் தராதே" என்று அது அடங்கும், மீண்டும் எழும். அந்தத் தவிப்புத்தான் அவருடைய "நாளை". பண்ணையார் விடுமுறை தரவில்லை என்ற கதை 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் செய்த நந்தனார் சரித்திரத்தின் வழி வந்தது. பெரியபுராணத்தில் பண்ணையார் இல்லை. ஊரே பண்ணையாராக இருந்தது.

அப்படி இருந்தும் அவர் சும்மா இருக்கவில்லை. திருப்புன்கூருக்குப் போனார். வெளியே நின்று வணங்கினார். நந்தி மறைத்தது, இறைவன் நந்தியை விலகச் செய்து காட்சி கொடுத்தார். அங்கே ஒரு குளத்தையும் வெட்டிவிட்டே திரும்பினார். கடைசியில் ஒரு நாள் தில்லைக்கும் புறப்பட்டு விட்டார். எல்லை வரை சென்று, உள்ளே நுழைய மாட்டாமல், இரவும் பகலும் ஊரை வலம் வந்தார். பின்னர் தீயில் மூழ்கி எழுந்து அம்பலத்தை அடைந்தார் என்கின்றது புராணம். ஓர் அடியாரைத் தீயின் முன் நிறுத்திய அக்காலத்துச் சாதிக் கொடுமையை எண்ணி நாம் வெட்கப்பட வேண்டும். அந்தத் தீயையும் கடந்து சென்ற அவருடைய உறுதியை எண்ணித் தலைவணங்கவும் வேண்டும்.

அடியார்களே, நமக்கு எந்தக் கோயிலின் கதவு மூடியிருக்கின்றது? இந்தப் பிலிமத்தலாவையிலிருந்து பஸ் ஏறினால் சில மைல்களில் பேராதனைப் பல்கலைக்கழகம். அந்த வளாகத்திலே குறிஞ்சிக்குமரன் கோயில் கொண்டிருக்கின்றான். மலையகத்துப் பிள்ளைகளும் அங்கே பட்டம் பெற்று வெளியேறுகிறார்கள். கதவு மூடியிருந்தபோது நந்தனார் "நாளை" என்றார்; என்றாலும் போய்ச் சேர்ந்தார். கதவு திறந்திருக்கும்போது நாம் "நாளை" என்கிறோம்; போவதேயில்லை.

"உடம்புக்கு முடியாது" என்பவருக்கு

திருவாரூரில் தண்டியடிகள் என்றோர் அடியார். பிறவியிலேயே கண் தெரியாதவர். ஆலயத்தின் மேற்கே இருந்த திருக்குளம் மண் மூடிக் குறுகி வருவதை அறிந்தார். "எனக்குத்தான் கண் இல்லையே, கண் உள்ளவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்" என்று அவர் சொல்லியிருந்தால் உலகம் அவரைக் குறை சொல்லியிராது. இதைவிட நல்ல சாக்கு வேறு யாருக்குக் கிடைக்கும்?

அவரோ குளத்தின் நடுவில் ஒரு தறியையும் கரையில் ஒரு தறியையும் நட்டார். இரண்டுக்கும் இடையில் கயிறு கட்டினார். மண்ணை வெட்டிக் கூடையில் எடுத்து, கயிற்றைத் தடவித் தடவிக் கரைக்கு வந்து கொட்டினார். மீண்டும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். அயலில் இருந்த மாற்றுச் சமயத்தார் சிலர் எள்ளி நகையாடினார்கள். மண்வெட்டியையும் கூடையையும் பறித்தார்கள். தறியையும் கயிற்றையும் பிடுங்கினார்கள். அடிகள் இறைவனிடம் முறையிட்டார். அரசன் முன்னிலையில் அக்குளத்திலேயே மூழ்கி எழுந்தபோது அவருக்குப் பார்வை கிடைத்தது என்பது புராணம்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒழுங்கு. கண் கிடைத்த பின் அவர் குளம் வெட்டவில்லை. குளம் வெட்டிய பின்னரே கண் கிடைத்தது. நாமோ, "முதலில் எல்லாம் சரியாகட்டும், பிறகு தொடங்குகிறேன்" என்கிறோம். அவருக்குத் தேவைப்பட்டது இரண்டு தறியும் ஒரு கயிறும்தான்.

புராண காலத்தில் நடக்கும், இக்காலத்தில் நடக்குமா என்று இளைஞர்கள் கேட்கலாம். நமது கண்டி மண்ணின் பிள்ளை முத்தையா முரளிதரனைப் பாருங்கள். தோட்டத் தொழிலுக்காக இந்தியாவிலிருந்து வந்த ஒரு குடும்பத்தின் வழியில் 1972ஆம் ஆண்டு கண்டியில் பிறந்தவர். பிறவியிலேயே முழங்கையை முற்றாக நீட்ட முடியாதவர். கண்டி புனித அந்தோனியார் கல்லூரியில் படிக்கும்போது முதலில் வேகப்பந்துதான் வீசினார். பயிற்றுநரின் சொல்லைக் கேட்டுச் சுழற்பந்துக்கு மாறினார். 1995ஆம் ஆண்டு டிசம்பரில் மெல்பேர்ன் மைதானத்தில், ஆயிரக்கணக்கானோர் முன்னிலையில், அவருடைய பந்து முறையற்றது என்று நடுவர் ஏழு தடவைகள் கையை நீட்டினார். அன்று இருபத்து மூன்று வயது. "என் கை இப்படி, என்னை ஒதுக்குகிறார்கள்" என்று வீட்டுக்குப் போயிருந்தால் நாமும் அவருக்காக இரங்கியிருப்போம். அவர் பரிசோதனைக்குத் தம் கையைக் கொடுத்தார். ஒரு முறையல்ல, பல முறை. பந்து வீசுவதையும் நிறுத்தவில்லை. 2010ஆம் ஆண்டு ஜூலையில், காலியில் நடக்கும் போட்டியே தமது கடைசி டெஸ்ட் என்று அறிவித்துவிட்டு இறங்கியபோது 800 விக்கெட்டுகளுக்கு எட்டுக் குறைவாக இருந்தது. தமது கடைசிப் பந்தில் அந்த எட்டாவது விக்கெட்டையும் எடுத்தார்.

எல்லோரும் முரளி ஆக முடியாது. ஆனால் முற்றாக நீளாத கையோடும் பந்து வீசலாம் என்பதை நமது ஊர்ப் பிள்ளையே காட்டிவிட்டார்.

"காசில்லை" என்பவருக்கு

திருநின்றவூரில் வாழ்ந்த பூசலார் நாயனார் சிவனுக்கு ஒரு கோயில் கட்ட விரும்பினார். பொருள் தேடி அலைந்தார். எங்கும் கிடைக்கவில்லை. நமது ஆலய பரிபாலன சபையாருக்கு இந்த நிலை நன்றாகப் புரியும்!

பூசலார் கைவிடவில்லை. மனத்திலே பொருள் சேர்த்தார். மனத்திலே கல்லும் மரமும் தேடினார். சிற்பிகளை வரவழைத்தார். நாள் பார்த்து அத்திவாரம் இட்டார். ஒவ்வொரு வரியாக உயர்த்தி, சிகரம் வைத்து, கிணறு தோண்டி, மதில் எழுப்பி, குடமுழுக்குக்கும் நாள் குறித்தார். அதே நாளில் காஞ்சியில் மன்னன் கட்டிய கற்கோயிலுக்கும் குடமுழுக்கு. இறைவன் மன்னனின் கனவில் தோன்றி, "பூசலாரின் கோயிலுக்கு நாம் போக வேண்டும், உன் நாளை மாற்றிக்கொள்" என்றார்.

மனக்கோட்டை கட்டினால் போதும் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. பூசலார் முதலில் கால் தேயத் தேடினார் என்பதை மறக்க வேண்டாம். மனத்தில் கட்டியபோதும் ஒரு படியையாவது அவர் தாண்டிச் செல்லவில்லை. கையில் ஒரு சதமும் இல்லாதவருக்கு இருந்த திட்டம் அவ்வளவு ஒழுங்கானது. நம்மில் எத்தனை பேர், மாதம் எவ்வளவு வருகின்றது, எவ்வளவு சீட்டுக்குப் போகின்றது, எவ்வளவு அடகுக் கடைக்குப் போகின்றது, எவ்வளவு தவறணைக்குப் போகின்றது என்று ஒரு கொப்பியில் எழுதிப் பார்த்திருக்கிறோம்? பிள்ளையின் படிப்புக்குக் காசில்லை என்று சொல்லுமுன் அந்தக் கொப்பியை ஒருமுறை திறந்து பார்ப்பது நல்லது.

"எல்லாம் விதி" என்பவருக்கு

சாக்குகளிலெல்லாம் மிகவும் ஆபத்தானது இதுதான். ஏனெனில் இது சமயத்தின் உடையைப் போட்டுக்கொண்டு வருகின்றது.

வினை உண்டு என்பது நமது சைவ சித்தாந்தத்தின் கொள்கை. ஆனால் அது வினையை மூன்றாகப் பிரிக்கின்றது. பல பிறவிகளில் சேர்ந்து கிடப்பது சஞ்சிதம். அதில் இப்பிறவியில் அனுபவிக்க வந்தது பிராரத்தம். இப்பிறவியில் நாம் புதிதாகச் செய்து சேர்ப்பது ஆகாமியம். முதலிரண்டையும் மட்டும் சொல்லி மூன்றாவதை விட்டுவிடுவது அரைச் சமயம். பழைய விளைச்சல் எப்படி இருந்தாலும், இன்றைக்கு விதைப்பது நமது கையில்.

திருவள்ளுவர் ஊழ் என்று ஓர் அதிகாரம் வைத்தார். அவரேதான் ஊக்கமுடைமை, மடியின்மை, ஆள்வினையுடைமை, இடுக்கண் அழியாமை என்று நான்கு அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். தெய்வம் கைகூடச் செய்யாத காரியத்திலும் உழைத்த உடம்புக்கு உரிய கூலி கிடைக்கும் என்பது அவர் கருத்து. நாட்கூலிக்கு உழைத்த நமது சமூகத்துக்கு இதன் பொருளை யாரும் விளக்க வேண்டியதில்லை. மார்க்கண்டேயருக்குப் பதினாறு வயது என்பது பிறக்கும் முன்னரே எழுதப்பட்ட விதி. அவர் அந்த நாளை எண்ணிக்கொண்டு மூலையில் உட்காரவில்லை. சிவலிங்கத்தைப் பிடித்த பிடியை விடவில்லை.

நியாயம் பேசும் சாக்கு

இன்னொரு வகையும் உண்டு. படித்தவர்களுக்கு வருவது. குருக்ஷேத்திரத்தில் அர்ச்சுனன் வில்லைக் கீழே போட்டபோது "பயமாயிருக்கின்றது" என்று சொல்லவில்லை. குலதர்மம், பாவம், உறவு என்று உயர்ந்த நியாயங்களையே பேசினான். கண்ணபிரான் அவை யாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பின்னர்தான் பதில் சொல்லத் தொடங்கினார். முதல் அத்தியாயத்தில் சோர்ந்து உட்கார்ந்தவன், பதினெட்டாவது அத்தியாயத்தில் ஐயம் நீங்கி, சொன்னபடி செய்கிறேன் என்கிறான்.

நாமும் நியாயம் பேசுகிறோம். "பணமா பெரிது?" "படித்தவன் எல்லாம் என்ன சாதித்து விட்டான்?" "போட்டி பொறாமை நமக்கு எதற்கு?" கேட்க நன்றாயிருக்கும். ஆனால் இரவில் தனியே படுத்திருக்கும்போது உள்ளே ஒரு குரல், "நீ பயந்தாய், அவ்வளவுதான்" என்று சொல்லும். அந்தக் குரலுக்குச் செவிகொடுக்க வேண்டும். அது கண்ணனின் குரல்.

அடியேனின் "நாளை"

மற்றவர்களின் சாக்கைப் பேசிவிட்டு என் சாக்கை மறைப்பது முறையல்ல. அடியேன் ஆசிரியத் தொழிலில் இருந்தவன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவன், தோட்டத்துப் பிள்ளை, சாதாரண தரப் பரீட்சைக்கு மூன்று மாதம் இருக்கையில் மாலை வேளையில் வந்து, "சேர், கணிதம் மட்டும் எனக்கு விளங்கவில்லை, கொஞ்சம் சொல்லித் தருவீர்களா?" என்று கேட்டான். அன்று எனக்கு அலுப்பு. "நாளைக்கு வாடா, பார்ப்போம்" என்றேன். மறுநாள் வந்தான். வேறு வேலை இருந்தது. "நாளைக்கு" என்றேன். மூன்றாம் நாள் அவன் வரவில்லை. சில வாரங்களில் கொழும்பில் ஒரு கடைக்கு வேலைக்குப் போய்விட்டான் என்று கேள்விப்பட்டேன். "என்ன செய்வது, வீட்டுக் கஷ்டம்" என்று எல்லோரிடமும் சொன்னேன். அதுவும் சாக்குத்தான். அவனுடைய வீட்டுக் கஷ்டம் உண்மை. ஆனால் என் பங்குக்குரிய இரண்டு மாலைகளும் உண்மை.

பல வருடங்களின் பின் ஒரு திருவிழாவில் அவரைக் கண்டேன். தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. கையில் ஒரு சிறு மகள். என்மேல் அவருக்குக் கோபம் இல்லை. "சேர், இவளுக்குக் கணக்கு வராது. யாராவது சொல்லிக் கொடுப்பார்களா?" என்று கேட்டார். அன்று எனக்கு "நாளை" என்ற சொல் வாயில் வரவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை பூசை முடிந்ததும் அந்தப் பிள்ளையோடு உட்கார்ந்தேன். பிறகு இன்னும் இரு பிள்ளைகள் வந்தார்கள். தகப்பனுக்குத் தர வேண்டியதை மகளுக்குத் தந்தால் கணக்குத் தீர்ந்துவிடுமா என்பது எனக்குத் தெரியாது. அம்பாளுக்குத் தெரியும்.

கடுகண்ணாவை ஏற்றம்

கொழும்பிலிருந்து வரும் புகைவண்டி ரம்புக்கனையைத் தாண்டியதும் ஏற்றம் ஆரம்பமாகின்றது. 1867ஆம் ஆண்டு கண்டிக்கு வண்டி வந்த நாளிலிருந்து இந்த ஏற்றம் ஏறித்தான் நமது பிலிமத்தலாவைக்கு வர வேண்டும். நீராவி இஞ்சின் காலத்தில், கனமான வண்டிகளுக்குப் பின்னாலும் ஓர் இஞ்சினைப் பூட்டித் தள்ளுவார்கள். முன்னால் ஓர் இஞ்சின் இழுக்கும். பின்னால் ஓர் இஞ்சின் தள்ளும். அப்படியே கடுகண்ணாவை உச்சிக்கு ஏறி வரும்.

முயற்சி முன்னால் இழுக்கும் இஞ்சின். திருவருள் பின்னால் தள்ளும் இஞ்சின். முன் இஞ்சினில் நெருப்பே மூட்டாமல், "பின்னால் தள்ளுங்கள்" என்று அம்பாளிடம் கேட்பது வழிபாடு ஆகாது. அதேபோல, எல்லாம் என் பலத்தால்தான் என்று நினைப்பவன் பாதி ஏற்றத்தில் நின்று விடுவான்.

ஆகவே அடியார்களே, இந்தத் திருவிழாவில் அம்பாளுக்கு ஒரு புதிய நேர்த்தி வைப்போம். காவடியும் பாற்குடமும் வேண்டியவர்கள் எடுக்கட்டும். அத்துடன், நாம் ஒவ்வொருவரும் வழக்கமாகச் சொல்லும் ஒரே ஒரு சாக்கை இவ்வாலய வாசலில் விட்டுவிட்டுப் போவோம். நேரமில்லை என்பவர் நாளொன்றுக்கு அரை மணித்தியாலத்தை ஒதுக்கட்டும். காசில்லை என்பவர் ஒரு கொப்பியை வாங்கட்டும். படிக்க வைக்க வசதியில்லை என்னும் பெற்றோர், பிள்ளையைக் கடைக்கு அனுப்புமுன் ஓர் ஆசிரியரிடமாவது ஒரு தடவை பேசிப் பார்க்கட்டும். படித்தவர்கள், வாசலில் வந்து நிற்கும் பிள்ளையிடம் "நாளைக்கு வா" என்று சொல்லாதிருக்கட்டும்.

தொடங்குவதற்கு நல்ல நாள் எது என்று பஞ்சாங்கம் பார்க்க வேண்டாம். தண்டியடிகள் கயிறு கட்டிய நாள்தான் அவருக்கு நல்ல நாள்.

எல்லாம் வல்ல அன்னையின் திருவருள் உங்கள் முயற்சிக்குத் துணை நிற்கவும், உங்கள் பிள்ளைகளின் வாழ்வு செழிக்கவும், இவ்வூரில் எல்லா இன மக்களும் ஒற்றுமையாய் வாழவும் அவள் திருவடிகளைப் பணிந்து பிரார்த்திக்கின்றேன்.

மேன்மை கொள் அடியார் கூட்டம் ஓங்குக! எல்லோரும் இன்புற்று வாழ்க!